மகிழடியில் ஒரு சூள்: இல்லற மர்மப் புனைவில் விருப்பும் நம்பிக்கையும்

1. பொருளும் எல்லையும்

இல்லற மர்மப் புனைவு என்று இச்சொற்பொழிவில் குறிக்கப்படுவது, குற்றம் நிகழும் இடமாகவும் அக்குற்றத்தைப் பற்றிய ஐயம் வளரும் இடமாகவும் ஒரு குடும்பத்தின் வீடே அமைந்துவிடுகிற கதைவகையாகும். துப்பறியும் கதையில் வெளியிலிருந்து வரும் ஒருவர் தடயங்களைத் திரட்டி, சாட்சிகளை விசாரித்து, இறுதியில் உண்மையை எடுத்து வைக்கிறார். அவருக்கு அந்த வீட்டோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதால் படிப்பவர் அவரைத் தயக்கமின்றிப் பின்தொடரலாம். இல்லற மர்மப் புனைவில் அந்த வசதி கிடையாது. கணவன், மனைவி, கொழுந்தன், ஓரகத்தி, வேலைக்கு வந்த பெண் என வீட்டுக்குள் இருப்பவர்களுள் ஒருவரே கதையைச் சொல்கிறார். சொல்லும்போதே தமக்குச் சாதகமானதை முன்னே வைத்துப் பாதகமானதைப் பின்னுக்குத் தள்ளுகிறார். படிப்பவருக்கோ, பல வேளைகளில், அவருடைய சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இருப்பதில்லை.

இத்தகையவரை நம்பத்தகாத கதைசொல்லி என்று திறனாய்வாளர் வழங்குவர். அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட புனைகதை அணியியல் பற்றிய நூலில் இக்கருத்தை வகுத்தளித்தார். ஒரு படைப்பு முழுவதிலும் ஊடாடி நிற்கும் மதிப்பீடுகளோடு ஒத்துப் பேசுகிறவர் நம்பத்தக்கவர், அவற்றிலிருந்து விலகிப் பேசுகிறவர் நம்பத்தகாதவர் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். பெயர் பின்னால் வந்ததே தவிர உத்தி அதற்கு மூத்தது. ஊரார் அனைவரும் நம்பும் மருத்துவரையே கதைசொல்லியாக்கி 1926இல் அகதா கிறிஸ்டி எழுதிய ரோஜர் அக்ராய்டு கொலை பற்றிய புதினம் அதன் புகழ்பெற்ற முன்மாதிரி. கில்லியன் ஃப்ளின்னின் ‘கான் கேர்ள்’ 2012இலும், பாலா ஹாக்கின்ஸின் ‘த கேர்ள் ஆன் த ட்ரெயின்’ 2015இலும் வெளிவந்து பெருவாரியாக விற்றபின், படிப்பவர் மனத்துக்கு ஒவ்வாத, சொல்லிலும் நம்ப முடியாத ஒருவர் கதை சொல்வது இவ்வகைப் புதினத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஒவ்வாமையும் நம்பகமின்மையும் இவ்வாறு இணைத்தே பேசப்படுவதால் அவை ஒன்றே என்னும் எண்ணம் பரவியிருக்கிறது. ஒருவரை விரும்புவது வேறு, அவர் சொல்லை நம்புவது வேறு. இல்லற மர்மப் புனைவு என்னும் வகைக்கு ஏதேனும் இலக்கியப் பெறுமதி உண்டென்றால், அது இவ்விரண்டையும் படிப்பவர் மனத்தில் பிரித்துக் காட்டுவதில்தான் இருக்கிறது என்பது இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்தாகும். அதற்கான முதற்சான்று வடசென்னையில், திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் மகிழ மரத்தடியில் இருக்கிறது.

2. விரும்பப்படும் கணவர், நம்ப முடியாத சூள்

நம்பியாரூரர் என்னும் சுந்தரர் சைவ மரபில் இறைவனுக்குத் தோழராகப் போற்றப்படுபவர். அவரைப் போல விரும்பப்படும் அடியார் வேறொருவர் இல்லையென்றே சொல்லலாம். திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்த அவர், தலங்கள்தோறும் வழிபட்டுக்கொண்டு தொண்டை நாட்டுக்கு வந்தபோது, திருவொற்றியூரில் இறைவனுக்குப் பூமாலை தொடுக்கும் தொண்டில் இருந்த சங்கிலியாரைக் கண்டு, அவரைத் தமக்கு மணமுடித்துத் தருமாறு இறைவனிடமே கேட்கிறார். சங்கிலியார் ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து, பெற்றோர் தொடங்கிய மணப்பேச்சை மறுத்து, ஒற்றியூரில் கன்னிமாடத்தில் வாழ்ந்து வந்தவர். இறைவன் கனவில் தோன்றி நம்பியை மணக்கும்படி கூறியபோது, அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர் ஆயிற்றே என்பதை எண்ணிப் பார்த்தருள வேண்டும் என்று சங்கிலியார் விடையளித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. கதையில் நம்பியின் சொல் எடுபடுமா என்னும் ஐயத்தை முதன்முதலில் எழுப்புகிறவர் மணமகளே என்பதும், அவர் எழுப்புவது வெறுப்பின் பேரில் அன்று, தெரிந்த ஒரு செய்தியின் பேரில் என்பதும் இங்கே கருதத்தக்கவை.

அந்த ஐயத்துக்கு மாற்றாக, பிரியேன் என்று நம்பி சூளுரைப்பார் என இறைவன் உறுதி தருகிறார். சூள் என்பது தெய்வத்தின் முன்னிலையில் செய்யும் ஆணை. வேறு தலங்களையும் சென்று வழிபடும் தமக்கு அது தடையாகிவிடும் என்று எண்ணிய சுந்தரர், தாம் சங்கிலியாரோடு திருமுன் வந்து ஆணையிடும் நேரத்தில் மட்டும் இறைவன் கருவறையை விட்டு மகிழ மரத்தின் கீழ் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். தெய்வம் இல்லாத இடத்தில் இட்ட ஆணை கட்டுப்படுத்தாது என்பது அவருடைய கணக்கு. தம் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாகக் காட்டப்பட்ட அடிமை ஓலையால் திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கிழந்தவர் அவர். சொல்லும் எழுத்தும் மனிதரை எப்படிப் பிணிக்கும் என்பதை அவரளவு பட்டறிந்தவர் குறைவு. இறைவன் இசைந்துவிட்டு, அன்றிரவே சங்கிலியாரின் கனவில் மறுபடியும் தோன்றி, திருமுன் வேண்டாம், மகிழின் கீழ்ச் சூளுரைக்கச் சொல் என்று கற்பித்துவிடுகிறார். மறுநாள் தோழியர் அவ்வாறே கேட்க, மறுக்க வழியில்லாமல் சுந்தரர் மரத்தை வலம்வந்து ஆணையிடுகிறார், மணம் நிகழ்கிறது. பின்னர் வேனிற்காலத் தென்றல் வீசியபோது திருவாரூர் வசந்த விழாவும் பரவையாரின் நினைவும் மேலிட, ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய அளவில் அவர் இரு கண்களின் ஒளியையும் இழக்கிறார். இந்தச் சூளுரை, மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்னும் பெயரில் திருவொற்றியூரில் இன்றும் ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது.

இந்நிகழ்ச்சிக்கு இருவகைக் கூற்றுகள் கிடைப்பதே அதைப் புனைவியல் ஆய்வுக்கு உரியதாக்குகிறது. ஒன்று, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் படர்க்கையில் நிரல்படச் சொன்னது. மற்றொன்று, அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னதாகச் சுந்தரரே தன்மையில் பாடிய, ஏழாம் திருமுறையாகத் தொகுக்கப்பட்டுள்ள பதிகங்கள். கண்ணிழந்தபின் பாடியவையாகக் கொள்ளப்படும் பதிகங்களில் அவர் உண்மையை மறைக்கவில்லை. திருவெண்பாக்கத்தில் பாடிய பதிகத்தில், மகிழின் கீழ்ப் போய் இருக்கும்படி இறைவனிடம் தாம் கூறியதையே அவர் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். ஆயின் அச்செய்தி அங்கே குற்ற ஒப்புதலாக வரவில்லை. தமக்குத் தெரியாமல் சூளையே மகிழடிக்கு மாற்றிவிட்டாரே என்று இறைவன்மேல் சுமத்தும் குறையின் ஒரு பகுதியாக வருகிறது. திருமுல்லைவாயில் பதிகத்தில், கண் பறிபோனது சங்கிலியின் பொருட்டு என்று அவர் கூறும்போதும், பறித்தவர் செயலே முன்னிற்கிறது, ஆணையை மீறியவர் செயல் பின்னிற்கிறது. திருவாரூரில் பாடும்போதோ, அடியவர் துன்புற்றிருக்கத் தாம் மட்டும் நலமாக இருக்கும்படி இறைவனையே குத்திப் பேசும் அளவுக்கு அவர் முறையீடு உரம் பெறுகிறது.

நம்பத்தகாத கதைசொல்லி பொய் சொல்கிறவர் என்னும் பொதுக் கருத்து இவ்விடத்தில் திருத்தம் பெற வேண்டியிருக்கிறது. சுந்தரரின் பதிகங்களில் நிகழ்ச்சி எதுவும் திரிக்கப்படவில்லை. திரிந்திருப்பது நிகழ்ச்சிகளின் வரிசையும், பேசுகிறவர் நிற்கும் இடமும் ஆகும். குற்றம் சாட்டப்பட வேண்டியவர் வாதியின் இடத்தில் நின்று பேசுகிறார். அவ்விடத்தில் நின்றபடி எல்லா உண்மைகளையும் சொல்லிவிடலாம், பழி மட்டும் தம்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். பக்தி மரபில் இது உரிமையின் வெளிப்பாடு; தோழனோடு தோழன் நடத்தும் வழக்கு. பாடல்களின் இறைமைச் சிறப்புக்கு இதனால் குறைவு எதுவும் நேர்ந்துவிடவில்லை. இல்லறத்தின் கோணத்திலிருந்து பார்க்கும்போது மட்டும், அவ்வழக்கில் பாதிக்கப்பட்டவராகிய சங்கிலியாருக்கு வாதியின் இடமும் கிடைக்கவில்லை, சாட்சியின் இடமும் கிடைக்கவில்லை என்பது புலப்படும். நம்பி எல்லை கடந்தபின் திருவொற்றியூரில் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதைக் காப்பியமும் விரித்துரைக்கவில்லை.

3. வெறுக்கும் வாசகர்

சேக்கிழார் இக்கதையைச் சுந்தரரின் பெயரால் அமைந்த பகுதியில் வைக்காமல், ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் வைத்தார் என்பது, அமைப்பு நோக்கில் பெரியபுராணத்தின் மிக நுட்பமான முடிவுகளுள் ஒன்றாகும். கலிக்காமர் திருப்பெருமங்கலத்தில் வாழ்ந்தவர்; பொய்ச்சூளின் பின் கதவடைத்துக்கொண்ட பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சுந்தரர் இறைவனையே நள்ளிரவில் தூது போகச் செய்தார் என்று கேள்வியுற்று, அவரை மன்னிக்க முடியாத அளவுக்கு வெறுத்தவர். விரும்பப்படும் ஒருவரின் கதையை, அவரை யாரினும் மிகுதியாக வெறுத்த மனிதரின் வரலாற்றுக்குள் பொதிந்து வைப்பதன் வாயிலாக, படிப்பவர் மனத்தில் எழக்கூடிய வெறுப்புக்குக் காப்பியத்துக்குள்ளேயே சேக்கிழார் ஓர் இருக்கை போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

அதன் பின் நிகழ்வது இன்னும் கடுமையானது. கலிக்காமருக்கு வந்த சூலை நோய் சுந்தரரால் மட்டுமே தீரும் என்று இறைவன் உரைக்க, அவரால் தீர்வதைவிட இறப்பதே மேல் என்று கலிக்காமர் தம் வயிற்றை உடைவாளால் கிழித்து உயிர்விடுகிறார். வாயிலில் சுந்தரர் வந்து நிற்கும் செய்தி வருகிறது. கலிக்காமரின் மனைவியார் அழுகையை அடக்கி, சுற்றத்தாரையும் அழாதிருக்கச் செய்து, தீங்கு ஒன்றுமில்லை, அவர் உறங்குகிறார் என்று வந்தவரிடம் சொல்லும்படி பணிக்கிறார். ஒரு வீடு, உள்ளே குருதி வடிய ஓர் உடல், வாயிலில் விருந்தினர், இடையே அமைதி குலையாத முகத்தோடு ஒரு பொய்: இல்லற மர்மப் புனைவு இன்றளவும் திரும்பத் திரும்பக் கையாளும் காட்சி இதுவே. அந்தப் பொய்யைச் சொன்னவரை எவரும் வெறுப்பதில்லை. ஆயினும் அவர் சொல் பொய்தான்.

சுந்தரர் பார்த்தே தீர வேண்டும் என்று உள்ளே சென்று, நிகழ்ந்ததைக் கண்டு, தாமும் இறக்க வாளை எடுக்கும்போது, இறையருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார், இருவரும் நண்பராகின்றனர். கலிக்காமரின் மனத்தை மாற்றியது சுந்தரர் தம் தரப்பை எடுத்துரைத்த எந்தக் கூற்றும் அன்று. பேச்சில் வல்லவரான நம்பி அங்கே ஒரு சொல்லும் தமக்காக வாதாடவில்லை. வாளை எடுத்த செயலே பேசிற்று. கதைசொல்லியின் வாய்மொழியை அவருடைய செயலோடு ஒட்டிப் பார்த்தே எடைபோட வேண்டும் என்னும் விதியை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் தமிழ்ப்பகுதி அரிது.

4. துறைமுக நகரத்தில் ஒரு கொலை

இந்தியத் திரைப்படத்தில் இல்லற மர்மப் புனைவுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, ஏவி.எம். நிறுவனம் தயாரிக்க, எஸ். பாலசந்தர் இயக்கி, ஜாவர் சீதாராமன் எழுதி, 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’. பாடலும் நடனமும் இல்லாத தமிழ்ப்படம் என்று அது பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. இங்கே கருத வேண்டியது அதன் சாட்சிகளின் அமைப்பு. கதை நிகழும் காலம், 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசிய நாளை ஒட்டியது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் எம்டன் கப்பல் துறைமுகத்தை அடுத்த எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்ததையும், 1942இல் படையெடுப்பு வரும் என்னும் அச்சத்தில் ஊரே வெளியேறியதையும் கண்டிருந்த மக்களுக்கு, போர் என்பது செய்தித்தாள் செய்தியாக மட்டும் இருக்கவில்லை; துறைமுகம் இருந்த காரணத்தாலேயே நகரம் குறியாகியிருந்தது. அத்தகைய நகரத்தின் ஒரு வீட்டில் வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார்.

விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சுட்டுகின்றனர். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபியை ஐயுறுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே ஐயுறுகிறார். ஹேமா, ராஜனோடு தொடர்புடைய அம்புஜத்தைச் சுட்டுகிறார். அம்புஜம் சின்னையா பிள்ளையைச் சுட்ட, ஐயம் ஒரு முழுவட்டம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறவர் ராஜனின் மனைவி உஷா ஒருவரே. அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ 1950இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டதும், அதன் தாக்கத்தில் இப்படம் உருவானதும் அறிந்த செய்திகள். எனினும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. ‘ராஷோமோனில்’ ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொருவரும் வேறு வேறாகச் சொல்ல, உண்மை எதுவென்று முடிவாகாமல் போகிறது. ‘அந்த நாளில்’ ஒவ்வொருவரும் இறந்தவரைப் பற்றிய வேறு வேறு உண்மைத் துண்டைத் தருகின்றனர், அத்துண்டுகள் சேர்ந்து முடிவான ஒரு விடையும் கிடைக்கிறது. தம்பிக்குப் பங்கு தர மறுத்த அண்ணன், மனைவிக்குத் துரோகம் செய்த கணவன், இறுதியில் பகைநாட்டுக்கு உளவு சொன்னவன் என்று ராஜன் படிப்படியாக வெளிப்படுகிறார்.

இந்தச் சாட்சிகளை விருப்பின் தராசிலும் நம்பிக்கையின் தராசிலும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் படத்தின் கூர்மை விளங்கும். ஹேமா எடுத்தெறிந்து பேசுகிறவர், சொத்துப் பங்குக்காகச் சண்டை பிடிக்கிறவர், பார்ப்பவர் எவரும் எளிதில் விரும்ப முடியாதவர். ஆனால் குடும்ப மானம் கருதி மற்றவர்கள் வாய்திறக்காத ராஜனின் கள்ளத்தொடர்பை வெளியே கொண்டுவருவது அவர் கூற்றுதான். பண்டரிபாய் ஏற்று நடித்த உஷாவோ நாட்டுப்பற்றும் அடக்கமும் உடையவர், கணவனை இழந்த துயரத்தில் இருப்பவர், பார்ப்பவரின் இரக்கம் முழுவதையும் பெறுபவர். குண்டு பாய்ந்தது அவர் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து. வெறுக்கப்பட்டவர் உண்மை சொல்கிறார், விரும்பப்பட்டவர் மறைக்கிறார். மறைத்தபோதும் அவர்மேல் பார்வையாளர் கொண்ட இரக்கம் நீங்குவதில்லை.

5. எழுத்தில் பேசும் தன்மைக் கதைசொல்லிகள்

திரைப்படத்தில் உண்மையைச் சரிபார்க்க ஓர் அதிகாரி இருக்கிறார். ஒருவரே தன்மையில் சொல்லி முடிக்கும் கதையில் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் படிப்பவர்மேல் விழுகிறது. புதுமைப்பித்தன் 1943இல் வெளியிட்ட ‘காஞ்சனை’யின் கதைசொல்லி ஓர் எழுத்தாளர். கதை கட்டிப் பிழைப்பதே தம் தொழில் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டு, தூக்கம் பிடிக்காத இரவுகளில் வீட்டில் வீசும் நாற்றத்தையும், மனைவி வேலைக்கு அமர்த்திக்கொண்ட பெண்ணைப் பற்றித் தமக்கு எழும் அச்சத்தையும் விவரிக்கிறார். பொய்யன் என்று தம்மை முன்கூட்டியே அறிமுகம் செய்துகொண்டவரை நம்பாமல் இருக்கும் உரிமையும் படிப்பவருக்கு இல்லாமல் போகிறது, ஏனெனில் அந்த அறிமுகமே நேர்மைபோல் தோன்றிவிடுகிறது. மனைவி அச்சமின்றி வேலைக்காரியோடு இயல்பாகப் பழகுகிறார் என்னும் ஒரே செய்திதான் கதைசொல்லியின் பார்வைக்கு எதிராக நிற்கும் சாட்சி.

இதற்கு நேர்மாறானவர், தி. ஜானகிராமன் 1975இல் எழுதிய ‘மரப்பசு’வின் அம்மணி. திருமணத்தை ஏற்காதவர், தம் உறவுகளைத் தாமே விரித்துரைப்பவர். அவரைக் கண்டித்தவர்கள் பலரும் அவர் வாழ்க்கையைக் கண்டித்தார்களே ஒழிய, அவர் எதையேனும் மறைத்தார் என்று சொன்னதில்லை. அவரை விரும்பாதவர்களுக்கு அவருடைய வெளிப்படைத்தன்மையே குற்றமாகப் பட்டது. விருப்பமின்மை எவ்வளவு எளிதாக நம்பிக்கையின்மையாக உருமாறுகிறது என்பதை அறிய, அந்நாவலின் வாசக வரலாறு ஒரு நல்ல பாடம்.

அண்மைக்கால இந்திய எழுத்தில் இவ்வகையின் மிக நுட்பமான படைப்பு, விவேக் ஷான்பாக் கன்னடத்தில் 2013இல் வெளியிட்ட ‘காச்சர் கோச்சர்’. சிற்றப்பாவின் மசாலா வணிகத்தால் திடீரென வசதி பெற்ற பெங்களூர்க் குடும்பம் ஒன்றின் மகன் கதையைச் சொல்கிறான். அவனுக்குப் பெயர்கூடத் தரப்படவில்லை. உழைக்காமல் வாழ்பவன், எதிர்ப்பதற்குத் துணிவில்லாதவன், குடும்பத்தின் கொடுமைகளுக்கு எல்லாம் அருகிலிருந்தும் கைகட்டி நிற்பவன். அவன் எந்த இடத்திலும் பொய் சொல்வதாகப் பிடிக்க முடியாது. தன் கையாலாகாத்தனத்தை நல்ல குணம்போல் சொல்லிச் செல்லும் அவனுடைய அமைதியான தொனியே, மனைவி அனிதாவுக்கு என்ன நேர்ந்தது என்னும் கேள்வியை இறுதியில் அச்சமாக மாற்றுகிறது. ஃப்ளின்னின் புதினத்தில் மனைவி ஒரு நாட்குறிப்பையே பொய்யாகப் புனைந்து கணவனைக் கொலைப்பழியில் சிக்க வைக்கிறார், கணவனோ தன் கள்ளத்தொடர்பைப் படிப்பவரிடமிருந்தே நெடுநேரம் மறைக்கிறான். இரு படைப்புகளையும் அருகருகே வைத்தால், புனைந்துரைத்த பொய்யைவிடச் சும்மா இருந்தவனின் உண்மை மிகுந்த கேடு விளைவிக்கக்கூடும் என்பது தெரியவரும்.

6. வடசென்னை வீட்டின் சுவர்கள்

மேலைநாட்டு இல்லற மர்மப் புனைவு, தோட்டமும் மதிலும் உடைய தனிவீட்டை நம்பியிருக்கிறது. டாஃப்னே டு மாரியே 1938இல் எழுதிய ‘ரெபெக்கா’வின் மாளிகை தொடங்கி, புறநகர் வீடுகள் வரை, கதவை அடைத்துவிட்டால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பதே அவ்வகையின் அடிப்படை. ராயபுரத்துச் சந்துகளிலோ, காசிமேட்டு மீனவர் குப்பங்களிலோ, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலோ அந்த அடிப்படை செல்லாது. ஒரு வீட்டின் பின்சுவர் அடுத்த வீட்டின் முன்சுவராக இருக்கும் இடத்தில், உரத்த பேச்சும் உடையும் பாத்திரமும் தெருவுக்கே கேட்கும். ஆகவே இவ்வட்டாரத்தின் கதைசொல்லிக்குச் சாட்சி இல்லாமை தடையன்று; சாட்சிகள் மிகுதியாக இருப்பதும், அவர்கள் அனைவரும் கேட்டும் கேளாதவராக இருக்கக் கற்றுக்கொண்டிருப்பதும்தான் தடை. இங்கே நம்பத்தகாதவராக ஆகக்கூடியது ஒரு தனிமனிதரைவிட ஒரு தெருவே. குடும்ப விஷயத்தில் தலையிடக்கூடாது என்னும் ஒரு வாக்கியத்தால் தெரு முழுவதும் ஒரே பொய்யைப் பேச முடியும்.

இவ்வட்டாரத்தின் தொழில் ஒழுங்கும் கதையமைப்புக்கு உரிய ஒன்றைத் தருகிறது. 1948இல் நிறுவப்பட்டு எண்ணூரில் ஆலை அமைத்த அசோக் லேலண்டு, 1955 முதல் திருவொற்றியூரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு போன்ற ஆலைகளும், துறைமுகங்களும், அனல்மின் நிலையங்களும் இப்பகுதிக் குடும்பங்களை ஷிப்டு முறைக்குப் பழக்கின. மீன்பிடித் தொழிலோ ஆண்களை நாள்கணக்கில் கடலில் வைத்திருக்கிறது. கணவன் உறங்கும் நேரத்தில் மனைவி விழித்திருப்பதும், ஒருவர் வீட்டிலிருக்கும்போது மற்றவர் இல்லாதிருப்பதும் இயல்பான வீட்டில், ஒவ்வொருவரும் மற்றவர் வாழ்க்கையின் பாதியைக் கேள்வியாலேயே அறிகின்றனர். எவரும் பொய் சொல்லத் தேவையில்லாமலேயே இருவர் கூற்றுகள் முரண்படக்கூடிய அமைப்பு இது. தமிழில் இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படாதது.

வெற்றிமாறனின் ‘வட சென்னை’ 2018இல் வெளிவந்தபோது குழுச்சண்டைப் படமாகவே பெரிதும் பேசப்பட்டது. அதன் அடியில் ஓர் இல்லற மர்மக் கதை ஓடுகிறது. கொலையுண்ட ராஜனின் மனைவி சந்திரா, கொலையில் பங்குகொண்ட குணாவையே மணந்து, அவன் வீட்டிலேயே வாழ்ந்துகொண்டு பழிதீர்க்கக் காத்திருக்கிறாள். படம் தொடங்கும்போதே கொலை முடிந்துவிட்டிருக்கிறது. கொல்லப்பட்டவர் யார், அவர் எத்தகையவர் என்பது நெடுநேரம் கழித்தே தெரிய வருவதால், பார்வையாளரும் அவ்வீட்டுக் கணவனைப் போலவே சந்திராவை ஒரு சாதாரண மனைவியாக எண்ணி ஏமாறுகின்றனர். மறைத்தது யாரோ ஒருவர் சொன்ன பொய்யன்று, நிகழ்ச்சிகளை அடுக்கிய வரிசை. மகிழடிக் கதையில் சுந்தரரின் பதிகங்கள் செய்ததும் இதுவே: எது முன்னே சொல்லப்படுகிறது, எது பின்னே சொல்லப்படுகிறது என்பதில்தான் நம்பகம் தங்கியிருக்கிறது.

7. முடிவுரை

இந்த ஆய்வால் பெறப்படுவது இலக்கிய நுகர்ச்சி பற்றிய ஒரு விதி மட்டுமன்று. வீட்டுக்குள் நிகழும் கொடுமை வெளியே வரும்போது அது ஒருவருடைய கூற்றாகவே வருகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தபின், அத்தகைய கூற்றைப் பாதுகாப்பு அலுவலர் அறிக்கையாக எழுதிக்கொள்ள வழி செய்திருக்கிறது. ஆயினும் எழுதிக்கொள்கிறவரும், விசாரிக்கிறவரும், தெருவாரும் முதலில் கேட்பது சொல்கிறவர் எப்படிப்பட்டவர் என்பதையே. நிதானமாகவும் பணிவாகவும் பேசும் கணவன் நம்பப்படுகிறான். கத்திப் பேசுகிற, முன்னுக்குப் பின் நாள்களை மாற்றிச் சொல்கிற, அண்டை வீட்டாரோடு ஏற்கெனவே சண்டை போட்டிருக்கிற மனைவி நம்பப்படுவதில்லை. ஹாக்கின்ஸின் புதினத்தில் குடிப்பழக்கத்தால் எவருக்கும் பிடிக்காதவராகிப்போன ரேச்சல், தன் நினைவையே தான் நம்பாத அளவுக்கு முன்னாள் கணவனால் திரிக்கப்பட்டிருப்பதும், இறுதியில் அவர் உணர்ந்ததே சரியென்று ஆவதும் இந்த நடைமுறையின் கதைவடிவமே.

எனவே, விரும்பத்தகாத கதைசொல்லி மிகுந்துவிட்டார், படிக்கப் பிடிக்கவில்லை என்னும் முறையீட்டுக்கு ஒரு விடை இருக்கிறது. அத்தகையவரைப் படிக்கும்போது மூன்று கேள்விகளை முறையே கேட்டுப் பழகலாம்: இவர் சொல்வதில் எந்தச் செய்தி வேறொரு சாட்சியால் உறுதிப்படுகிறது, இவர் வாதியின் இடத்தில் நிற்பது அவ்விடம் அவருக்கு உரியது என்பதாலா, தாமே பிடித்துக்கொண்டதாலா, இவரை வெறுக்கச் செய்வது இவருடைய செயலா, பேசும் தோரணையா. இம்மூன்றுக்கும் விடை தேடியபின் எஞ்சும் வெறுப்பு நேர்மையானது. அதைச் சுமந்துகொண்டே நியாயத்தை ஏற்கவும் முடியும். வடசென்னையிலிருந்து எழுத வருகிற தலைமுறைக்கு முன்னே, கேட்டும் கேளாத தெருவையும், பாதிப் பாதியாக ஒருவரையொருவர் அறிந்த வீட்டையும், ஒற்றியூரில் தனித்துவிடப்பட்டபின் பேசவே இடம் பெறாத சங்கிலியாரையும் கதைசொல்லிகளாக்கும் வாய்ப்பு இருக்கிறது. அவர்களை எல்லாரும் விரும்பும்படி எழுதிவிட்டால் அந்த வாய்ப்பு வீணாகும். விரும்பாமலே நம்பவும், விரும்பிக்கொண்டே ஐயுறவும் படிப்பவரைப் பழக்கும்படி எழுதினால்தான் இவ்வகைப் புனைவு பொழுதுபோக்கைத் தாண்டி நிற்கும்.